பால்வாடிக்குப் போகும் பிள்ளை



அரக்கோணத்தில் பால்வாடிக்கு அனுப்பின முதல் மாசமே பிள்ளைக்குச் சளி, காய்ச்சல். "யாரு கண்ணு பட்டுச்சோ"ன்னு கலங்காதீங்க. பல பிள்ளைகளோடு பழகும்போது கிருமி தொற்றும். உடம்பும் எதிர்க்கப் பழகும்.

ஆனால் தட்டம்மையை அப்படி விடக்கூடாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் மறுத்தார்கள். ஊசி போடுவது அவிசுவாசமா? யவீருவின் மகளை உயிரோடெழுப்பின இயேசு, அவளுக்கு ஆகாரம் கொடுக்கும் வேலையை வீட்டாரிடமே விட்டார் (மாற்கு 5:43). அற்புதம் அவருடையது, பராமரிப்பு நம்முடையது!

9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, போட்டாச்சா? அட்டையை எடுத்துப் பாருங்க. விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, வழியெல்லாம் ஜெபியுங்கள். கர்த்தர் காப்பார். ஆமென்!