சஞ்சீவி என்னும் சொல்

எல்லா நோய்க்கும் ஏற்ற ஒரே மருந்தைச் சஞ்சீவி என்பது நம்மவர் வழக்கு. யவனர் அதனைப் பனகேயா என்றனர். தம் மருத்துவத் தேவனின் மகள் ஒருத்திக்கும் அதுவே பெயர். ‘அனைத்தையும் குணமாக்குவது’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். சஞ்சீவி அத்தகையதன்று. ‘ஜீவ்’ என்னும் வடமொழி வேர் உயிர்த்திருத்தலைக் குறிக்கும். ‘சம்’ என்னும் முன்னொட்டு நன்கு, முழுமையாக எனப் பொருள்படும். நன்கு உயிர்ப்பிப்பது சஞ்சீவி என்க. எல்லாப் பிணியும் என்னும் பொருள் அதில் எங்கும் இல்லை.

இந்திரஜித்தின் அத்திரத்தால் பெருமாளும் இளையபெருமாளும் வானர சேனையும் சாய்ந்து கிடந்தபோது, ஜாம்பவான் சிறிய திருவடியிடம் சொன்ன மூலிகைகள் நான்கு என்கிறது வான்மீகம். மாண்டாரை எழுப்புவது மிருதசஞ்சீவனி. தைத்த அம்பை அகற்றுவது விசல்யகரணி. இழந்த நிறத்தை மீட்பது சாவர்ண்யகரணி. பிளந்த உடலைப் பொருத்துவது சந்தானகரணி. நான்கில் ஒன்றன் பெயரே பிற்காலத்தில் நான்கின் தொழிலையும் ஏற்று நின்றது. தம்மை நாடி ஒருவன் வருவதறிந்து அவை ஒளிந்துகொள்ள, அனுமன் சிகரத்தையே பெயர்த்தெடுத்தான். கம்பராமாயணத்தில் இப்பகுதி மருத்துமலைப் படலம். மூலிகைப் படலம் அன்று!

மலையின் மணம் பட்ட அளவிலே வானரர் எழுந்தனர். காற்றில் வரும் மணம் நல்லார் தீயார் என்று பகுத்துப் பார்ப்பதில்லை. அங்ஙனமாயின் மாண்ட அரக்கர் ஏன் எழவில்லை? எம்பெருமான் பக்கத்து மருந்திலும் பட்சபாதம் உண்டோ? வான்மீகி முனிவரே இதற்கு விடை கூறிச் செல்கிறார். போர் தொடங்கிய நாள் முதல், வீழ்ந்த அரக்கரின் உடல்களை உடனுக்குடன் கடலில் எறியச் செய்திருந்தான் இராவணன். மானம் கருதிச் செய்த ஏற்பாடு அது. மருந்து அவர்களை விலக்கவில்லை. இழப்பை மறைத்த மன்னனின் செருக்கே விலக்கியது.

பாகூரிலிருந்து தெற்கே தென்பெண்ணையைக் கடந்து, கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்துக்குச் செல்லும் அடியார்க்கு இக்கதை அயலானதன்று. கெடிலக்கரையில் நிற்கும் ஔஷதகிரி, அனுமன் ஏந்திய மலையினின்று வீழ்ந்த துண்டு என்பது அங்குள்ளார் போற்றும் தலவரலாறு. வேதாந்த தேசிகன் பன்னாள் வாழ்ந்த ஊரும் அதுவே. உடற்பிணியைத் தேவநாதனிடம் முறையிடலாமோ, பிறவிப்பிணிக்கன்றோ அவன் மருந்து என்று தயங்குவார் உளர். சகஸ்ரநாமமோ அவனை ஔஷதம் என்றும் பேஷஜம் என்றும் அழைத்து, பிஷக் என்று மருத்துவனாகவும் அழைக்கிறது. இன்ன நோய்க்கு மட்டும் என்று அப்பெயர்கள் வரையறுக்கவில்லை. சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் இடுவோரிடையே, குழந்தையின் தோலில் படர்ந்ததை எல்லாரும் காணத் திறந்து காட்டி வேண்டும் தாயும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லிக்கொண்டு நிற்கும் முதியவரும் உண்டு.