காணாத நோயாளிக்குரிய கடன்

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று வள்ளுவர் வகுத்தார்: நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை வழங்குபவன். பழைய மருத்துவ அறம் பெரும்பாலும் இந்நான்கும் கூடுகின்ற படுக்கையருகிலேயே நிற்கின்றது. நோயாளி வந்துவிட்டான், அவன் முகம் தெரிகின்றது, அவனுக்குச் செய்யவேண்டியது யாது என்பதே அங்கு எழும் வினா. அரசாங்கம் ஒன்று மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கும்போதோ வேறொரு வினா எழுகின்றது. இன்னும் நோயுறாத, ஒருவேளை இன்னும் பிறவாத ஒருவனுக்காக, இன்று விடுதியிற் கிடப்பவனின் பங்கிலிருந்து எடுத்துச் செலவிடுதல் அறமாகுமா?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இலங்கை வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது, சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. அத்தகைய நாளொன்றில் ஆய்வுகூடத்துக்கு நிதி கேட்பவன் இரக்கமற்றவனாகவே தோன்றுவான். கண்முன் துடிப்பவனுக்கு முதலில் உதவுக என்னும் உணர்ச்சி மனித இயல்பின் மிக உயர்ந்த பகுதியிலிருந்து பிறப்பது. ஆயினும் அவ்வுணர்ச்சி ஒன்றையே அரசின் கணக்கேட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளலாமா என்பதை நமது நாட்டின் மலேரியா வரலாற்றை வைத்து ஆராய்வது தகும்.

1934-35 இல் இத்தீவில் பரவிய மலேரியாவினால் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்தது, என்றும் ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அக்குட்டைகளில் நோய்காவும் நுளம்பு பெருகியது. வரட்சி மிகுந்த பகுதிகளின் நோய் என்று கருதப்பட்டது ஈரவலயத்து ஊர்களைச் சூறையாடியது. பின்னர் 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளித்தல் ஆரம்பமாயிற்று. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. பதினேழு பேருக்காக ஓர் இயக்கத்தை நடத்துவது வீண்செலவு என்று எண்ணுவது இயல்பு. தெளித்தல் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் டி.டி.ரி.யைக் கையிலெடுத்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்புப் பெற்றிருந்தமை தெரியவந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று.

1963 இல் அந்த முடிவை எடுத்தவர்களைக் கொடியவர்கள் என்று கூறமுடியாது. அவர்கள் கண்ட நோயாளரை எண்ணினார்கள். காணாதவர்களை எண்ணுவதற்குரிய முறை அவர்களிடம் இருக்கவில்லை. காணாதவர்களை எண்ணுவதற்கு மனிதன் கண்டுபிடித்த முறையே ஆராய்ச்சி. ஆகவே அதனை ஈகையோடு சேர்த்து வைத்தல் பொருந்தாது. ஓர் அரசு தன் குடிகள் யாவர் என்பதை அறிந்துகொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்றாகும்.

இதே வரலாற்றின் பிற்பகுதி மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேலிருந்த நோயாளர் தொகை, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே குறைந்து, 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டிற் தொற்றியவர் இல்லை என்னும் நிலையை அடைந்தது. 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. இம்முறை கண்காணிப்புக் கைவிடப்படவில்லை. அதன் பயன் உடனே தெரிந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பினம் கண்டறியப்பட்டது. ஆற்றுக் குட்டையை விட்டு நகரத்துக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரும் இனம் அது. நோயே இல்லாத நாட்டிற் கிணறு கிணறாக நுளம்புக் குடம்பிகளைத் தேடித் திரிந்த பூச்சியியல் உத்தியோகத்தர்களின் சம்பளத்தை வீண்செலவு என்று வெட்டியிருந்தால், அந்நுளம்பு வந்ததை நாம் நோயாளர் மூலமே அறிந்திருப்போம்.

தனியார் முதலீடு இதனைச் செய்யாதா என்பர் சிலர். செய்யாது; அதற்குக் காரணம் சந்தையின் அமைப்பிலேயே உள்ளது. விற்பனைக்குரிய மருந்து கிடைக்குமிடத்துக்கு முதலீடு போகும். வாங்க வசதியற்றவனின் நோயும், வராமற் தடுக்கப்பட்ட நோயும் எவருக்கும் இலாபம் தருவதில்லை. 1990 இல் வெளியான அபிவிருத்திக்கான சுகாதார ஆராய்ச்சி ஆணைக்குழுவின் அறிக்கை, வளர்முக நாடுகள் தமது சுகாதாரச் செலவில் இரண்டு வீதத்தையேனும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. நூற்றுக்கு இரண்டு என்பது விடுதி நோயாளியைப் பட்டினி போடும் பங்கன்று. பிரித்தானியாவின் 1911 ஆம் ஆண்டுத் தேசிய காப்புறுதிச் சட்டமோ, காப்புறுதி பெற்ற தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி வீதம் ஆராய்ச்சிக்கு ஒதுக்க இடமளித்தது. கசநோயை மனத்திற்கொண்டு எழுந்த அந்தப் பென்னியிலிருந்தே 1913 இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழு உருவானது.

ஆனால் ஆராய்ச்சி என்ற பெயரில் நடப்பது யாவும் காணாத நோயாளிக்காகவே நடக்கின்றது என்று நம்மிடையே சொல்லிக்கொள்வது நாணத்துக்குரியது. பதவி உயர்வுக்கென எழுதப்பட்டு, எழுதியவரும் மறுமுறை படிக்காத கட்டுரைகள் பல்கலைக்கழகங்களில் இல்லாமலில்லை. பொதுப்பணம் கேட்கும் உரிமையோடு கணக்குக் காட்டும் கடனும் வருகின்றது.

அக்கடன் மிகக் கூர்மையாகத் தெரியுமிடம் வடமத்திய மாகாணம். பதவியா, மதவாச்சி முதலிய விவசாயப் பகுதிகளில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய்க்கு இன்றுவரை முடிந்த முடிபான காரணம் கூறப்படவில்லை. கடின நீர், புளோரைட்டு, கட்மியம், களைகொல்லி, வெப்பத்தில் உடல்நீர் குன்றல் என ஐயங்கள் பல. 2015 இல் கிளைபோசேற் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. காரணம் நிறுவப்படுமுன்னர் கொள்கை முந்திச் சென்று, பின்னர் தன் அடியைத் தானே பின்வைத்தது. இடையில் ஆய்வாளர் குழுக்கள் பல அவ்வூர்களுக்கு வந்தன. குருதியும் சிறுநீரும் கிணற்று நீரும் எடுத்துச் செல்லப்பட்டன. கொடுத்த விவசாயி கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு: என் குருதியில் நீங்கள் கண்டது என்ன? ஆய்வேட்டின் மொழியிலன்றி அவனுடைய மொழியில், அவனுடைய ஊரில் வைத்து இதற்கு விடையளிப்பதற்கான செலவும் ஆராய்ச்சிக்குரிய ஒதுக்கீட்டின் பகுதியாக முன்கூட்டியே எழுதப்படவேண்டும். விடை தெரியவில்லை என்பதாயினும் அதனைச் சொல்லுவதற்கு ஒருவர் அங்கே திரும்பிச் செல்லவேண்டும்.