ஆறு கடந்த பிறகு

பினாங்கின் லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. அங்கே நின்று கடலைத் தேடினால் வங்கிக் கட்டடங்கள்தான் தெரியும். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற துறைக்கரையை எழுப்பியபோது கரை கிழக்கே தள்ளிப்போனது. தெருவுக்குப் பழைய பெயர் தங்கிவிட்டது. புது நிலத்தின் மேல் நீண்ட தெருத்துண்டுகளை 'காட்' என்றார்கள். காட் லெபோ சூலியா, காட் லெபோ சீனா. வடஇந்தியப் படித்துறைச் சொல் வெள்ளைக்காரர் வாயில் ஏறி இங்கே வந்து, இன்றைக்கு மலாய்ப் பெயர்ப்பலகையில் நிற்கிறது. நம் மொழியில் சொன்னால் துறை. சூலியா என்பதும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர்தான்.

அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து தொங்காங் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக் கிடங்கில் அடுக்குவது தாத்தாவின் வேலை. அவருடைய வலது தோளில் தோல் காய்த்துப்போயிருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பழைய செருப்பின் அடிபோல இருந்தது.

அம்மாவை எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் கட்டிக்கொடுத்தார்கள். தாய்வீட்டுக்கு வர ஃபெரிதான் வழி. மேல்தளத்து மரப்பெஞ்சில் எங்களை உட்கார வைத்துவிட்டு, நடுக்கடல் வந்ததும் கம்பியோரம் போய் ஒரு சில்லறைக் காசைத் தண்ணீரில் போடுவார். எதற்கு என்று கேட்டால், "கடக்க விடுதில்ல" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

1985இல் பாலம் திறந்தது, 13.5 கிலோமீட்டர். எங்கள் வீட்டுக்குக் காரும் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஃபெரி ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார் ஏற்றும் பழைய ஃபெரிகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றன. கடைசிப் பயணத்துக்கு ஊரே திரண்டது. நான் போகவில்லை. வேலை இருந்தது. 2023இல் புது ஃபெரிகள் வந்தன, ஆட்களுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும். அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் போகாமல் விட்ட அந்த ஒரு நாள் இன்னும் உறுத்துகிறது.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். மனிதருக்கு மனிதர் செய்வதைச் சொன்ன பழமொழி. ஆற்றுக்கே நாம் அதைச் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவை இருந்தவரை தண்ணீருக்கு முகம் காட்டி நின்ற ஊர் இது. தேவை தீர்ந்தபின் அந்தத் தண்ணீரிடம் நமக்கு ஏதாவது கடன் பாக்கி இருக்கிறதா?

பிராங்கின் கால்வாயைப் பார்க்கும்போது, இருக்கிறது என்று யாரோ நினைத்தது புரிகிறது. ஒரு காலத்தில் சந்தைக்குச் சரக்குப் படகு வந்த கால்வாய், பிறகு நாற்றமெடுத்த சாக்கடை. சியா போய் பகுதியில் அதைத் துப்புரவாக்கி, 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். போனவாரம் அங்கே ஒரு சிறுமி கரையில் குந்தி மீனுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

ஆனால் சுங்கை பினாங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. தண்ணீர்மலை அருவியிலிருந்து இறங்கும் ஓடையும் ஆயர் ஈத்தாம் ஆறும் கூடித்தான் சுங்கை பினாங்கு ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கும் கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்த அருவி அது. தைப்பூசத்துக்கு மக்கள் லட்சக்கணக்கில் கூடுவது அதன் பெயர்கொண்ட மலையில்தான். கீழே வந்து சேரும்போது அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கக்கூடாது. 2017 நவம்பர் மழையில் ஆறு வீடுகளுக்குள் புகுந்தபோதுதான் பலருக்கு அப்படி ஓர் ஆறு இருப்பதே நினைவுக்கு வந்தது.

பூங்காவிலிருந்து திரும்பும்போது, கூட வந்திருந்த அம்மாவை அந்த ஆற்றோரம் அழைத்துப்போனேன். கட்டிக்கிடந்த சம்பான் படகில் ஒருவர் வெட்டிய பெயிண்ட் டின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது எங்கேருந்து வருது?"

"தைப்பூசத்துக்குப் போனா ஓடையில கால் நனைப்போமே, அந்தத் தண்ணிதாம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, கைப்பையைத் திறந்து வெகுநேரம் துழாவினார். இருபது காசு ஒன்று கிடைத்தது.