அன்றன்றைய பணி

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்பவனுக்குச் சில வேளைகளில் ஒரு சொல்லே ஆசானாக அமைந்துவிடுகிறது. 'ஜர்னிமேன்' என்ற ஆங்கிலச் சொல் எனக்கு அவ்வாறு அமைந்தது. ஊர் ஊராகச் சுற்றுபவன் என்றே அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். அதன் வேரைத் தேடியபோதுதான் அங்கே இருப்பது பயணம் அன்று, 'ஒரு நாள்' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் என்பது தெரிந்தது. இடைக்கால ஐரோப்பாவின் கைவினைஞர் சங்கங்களில் பயிற்சியை முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாதவன் அன்றன்றைய வேலைக்கு அன்றன்று கூலி பெற்றான். அவனே ஜர்னிமேன். அவன் மாணவனும் அல்லன், முதலாளியும் அல்லன். தொழில் கைவந்தவன், ஆயினும் தனக்கென ஓர் இடம் இல்லாதவன்.

இன்று இச்சொல் விளையாட்டுச் செய்திகளில் மிகுதியாக வழங்குகிறது. எந்த அணியிலும் நிலைக்காமல் ஆண்டுதோறும் அணி மாறும் வீரரை அவ்வாறு குறிப்பிடுகிறார்கள். அதில் சற்று இளக்காரமும் கலந்திருக்கும். அத்தகைய ஒருவரின் வாழ்க்கை நமக்கு எதைக் கற்பிக்கக்கூடும்? நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில், இன்று முழுமனத்துடன் உழைப்பது இயலுமா? இந்தக் கேள்வி விளையாட்டு வீரருக்கு மட்டும் உரியதன்று.

பதின்மூன்று அணிகள்

அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில் ஷார்லட் நகரில் 1988ஆம் ஆண்டு பிறந்தவர் இஷ் ஸ்மித். கூடைப்பந்து வீரர்களுக்குள் உயரம் குறைந்தவர். ஏறத்தாழ ஆறு அடி. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று முடித்தபோது, 2010ஆம் ஆண்டில், என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. அறுபது பெயர்கள் அழைக்கப்பட்டன. அவற்றுள் அவர் பெயர் இல்லை. பின்னர் ஹூஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களிலேயே, 2011 பிப்ரவரியில், மெம்ஃபிஸ் அணிக்கு மாற்றியது.

அதன்பின் கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஒக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ் என்று முதல் ஆறு பருவங்களுக்குள் ஒன்பது அணிகள்! சில இடங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். சில இடங்களில் வேறொரு வீரருக்கு ஈடாக அனுப்பப்பட்டார். 2016 முதல் மூன்றாண்டுகள் டெட்ராய்ட் அணியில் சற்று நிலைத்தார். பிறகு வாஷிங்டன். 2021இல் பிறந்த ஊரான ஷார்லட்டின் அணியிலேயே இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பருவம் முடியும் முன்னரே, 2022 பிப்ரவரியில், மீண்டும் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். சொந்த ஊரும் தங்குமிடம் ஆகவில்லை. அதே ஆண்டில் டென்வர் அணிக்குச் சென்றார். அது அவருடைய பதின்மூன்றாவது அணி. அதற்குமுன் எவரும் பன்னிரண்டு அணிகளுக்கு மேல் ஆடியதில்லை.

இதை ஒரு சாதனை என்பதா, நிராகரிப்புகளின் பட்டியல் என்பதா? இரண்டும் உண்மையே. ஆனால் மற்றொன்றையும் நாம் நோக்க வேண்டும். பதின்மூன்று முறை ஓர் அணி அவரை வேண்டி அழைத்திருக்கிறது. போகும் இடத்தில் அரைமனத்துடன் ஆடியவரை அடுத்தவர் அழைப்பாரா?

பற்றும் ஈடுபாடும்

தற்காலிகமான இடத்தில் பணிபுரிபவரின் முன் இரண்டு வழிகள் எளிதாகத் தென்படுகின்றன. 'எப்படியும் போகப் போகிறோம், எதற்கு இவ்வளவு உழைப்பு?' என்று மனத்தைச் சுருக்கிக்கொள்வது ஒன்று. 'இது என்னுடையது, இதை விடமாட்டேன்' என்று பற்றிக்கொண்டு, விடவேண்டிய நாளில் உடைந்துபோவது மற்றொன்று. முதலாவதைப் பற்றின்மை என்று பலர் கருதுகிறார்கள். அது தவறு. அது சோம்பல், வைராக்கியத்தின் உடையை அணிந்துவரும் தமோகுணம்.

கர்மயோகம் காட்டுவது மூன்றாவது வழி. சுவாமி விவேகானந்தர் அந்த நெறியை நியூயார்க் நகரில் 1895 டிசம்பரிலும் 1896 ஜனவரியிலும் சொற்பொழிவுகளாக விளக்கினார். அதன் சாரத்தை நாம் இவ்வாறு புரிந்துகொள்ளலாம்: ஈடுபாடு செயலைச் சார்ந்தது; பற்று 'எனது' என்ற எண்ணத்தைச் சார்ந்தது. ஒன்று குறைந்தால்தான் மற்றொன்று குறையும் என்பதில்லை. உண்மையில், 'எனது' என்பது விலகும் அளவுக்குச் செயலில் கவனம் கூடுகிறது. இழந்துவிடுவோமோ என்ற அச்சத்திற்குச் செலவாகும் ஆற்றல் மீதமாகிறது அல்லவா?

கூடைப்பந்து ஆட்டமே இதற்கு நல்ல உவமையாகிறது. 1891ஆம் ஆண்டில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் பயின்றவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது அவர் வகுத்த முதல் விதிகளுள் ஒன்று. இன்றைய என்.பி.ஏ. ஆட்டத்தில், பந்து கைக்கு வந்த 24 விநாடிகளுக்குள் ஓர் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஸ்மித் ஆடியதோ ஆட்டத்தை நடத்தும் இடத்தில். பந்தைக் கொண்டுவந்து, தக்க தருணத்தில் தக்கவரிடம் சேர்ப்பதே அங்கு முதன்மைப் பணி. பந்து கையில் இருக்கும்போது அதைவிட முக்கியமானது எதுவுமில்லை. கையை விட்டுச் செல்ல வேண்டிய கணத்தில் அதைத் தடுத்து நிறுத்துவதைவிடப் பெரிய பிழையும் இல்லை.

ஒரு நியாயமான ஐயம்

'இலட்சக்கணக்கான டாலர் ஊதியம் பெற்றவருக்குப் பற்றின்மை எளிது. ஒப்பந்த ஆசிரியருக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கும் இதை உபதேசிப்பது நியாயமா? எந்நேரமும் நீக்கக்கூடிய ஊழியரிடம் பலனை எதிர்பாராதே என்று சொல்வது முதலாளிக்கு அல்லவா வசதி?' என்று அன்பர்கள் கேட்கலாம். இந்த ஐயத்தைப் புறக்கணித்துவிட்டு ஆன்மிகம் பேசுவது நேர்மையாகாது.

இதற்கு விடையாக மற்றொரு வீரரைக் காண்போம். ஆண்ட்ரே இங்ரம் இயற்பியல் பட்டதாரி. 2007 முதல் என்.பி.ஏ.வுக்கு அடுத்த நிலையில் உள்ள வளர்ச்சிப் போட்டிகளில் ஆடினார். அங்கே 2017-18இல் ஒரு பருவத்திற்கு ஊதியம் சுமார் 19,000 முதல் 26,000 டாலர் வரைதான். மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தும் குடும்பத்தை நடத்தினார். பத்துப் பருவங்கள் சென்றன. தலைமுடி நரைக்கத் தொடங்கியது. 2018 ஏப்ரல் 10ஆம் நாள், 32ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி அவரைக் களமிறக்கியது. முதல் ஆட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்தார். அணியோ தோற்றது. மறுநாள் இன்னொரு ஆட்டம். அத்துடன் பருவம் முடிந்தது.

இதே இங்ரம்தான், வளர்ச்சிப் போட்டி வீரர்களுக்கென 2020இல் சங்கம் உருவானபோது அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர். பலனை எண்ணாமல் பத்தாண்டுகள் உழைத்தவர், சக வீரர்களின் நலனுக்காகப் பேச முன்வந்தார். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நிஷ்காம கர்மம் என்பது செய்பவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் நெறி. பிறர் மீது சுமத்துவதற்கான சட்டமன்று. உழைப்பவரின் கூலியைக் குறைப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுபவர் கீதையை வணிகமாக்குகிறார். நமது பலனைத் துறக்க நமக்கு உரிமை உண்டு. பிறருடைய பலனைத் துறக்க நமக்கு ஏது உரிமை?

நான் அடுக்கிய நூலகம்

துறவிக்கும் இடமாற்றம் உண்டு. பரிவிராஜகன், அதாவது சுற்றித் திரிபவன் என்றே சாஸ்திரங்கள் அவனை அழைக்கின்றன. எனினும், ஒரு மையத்தில் சில ஆண்டுகள் நூலகப் பொறுப்பில் இருந்துவிட்டு வேறிடம் செல்லுமாறு கடிதம் வந்த அன்று என் மனம் கனத்தது. தத்துவம் பயின்றவன், பற்றின்மை குறித்துப் பலமுறை பேசியவன், இருந்தும் கனத்தது! அன்றிரவு சிந்தித்தபோது ஒன்று புலப்பட்டது. நூல்களைப் பிரிவதில் எனக்கு வருத்தமில்லை. புதிய இடத்திலும் நூல்கள் உண்டு. வாசகர்களைப் பிரிவதும் அவ்வளவு வருத்தவில்லை. வருத்தியது, அது 'நான் அடுக்கிய' நூலகம் என்பதே. அடுத்து வருபவர் அடுக்கை மாற்றிவிடுவாரே என்பதே!

மறுநாள் காலை, வரவிருந்தவருக்குப் பயன்படுமாறு அட்டவணையைச் சரிசெய்யத் தொடங்கினேன். அந்நூலகத்தில் நான் செய்த வேலைகளுள் முழுமையானது அந்தக் கடைசி வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கென்று அதில் எதுவும் இல்லாததால் கை தெளிவாக இயங்கியது.

பலன் வந்த விதம்

2023 ஜூன் 12ஆம் நாள் டென்வர் அணி மியாமி அணியை வென்று முதன்முறையாக என்.பி.ஏ. சாம்பியன் ஆனது. இஷ் ஸ்மித்தும் சாம்பியன் அணியின் வீரரானார். ஆனால் அந்த ஆண்டின் இறுதிச் சுற்றுகளில் அவர் களத்தில் இருந்த நேரம் மிகக் குறைவு. ஓடி ஓடி உழைத்த ஆண்டுகளில் வராத பலன், பெரும்பாலும் அமர்ந்திருந்த ஆண்டில் வந்தது! உழைப்புக்கும் பலனுக்கும் நாம் போடும் கணக்கு எத்தனை சிறியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் ஷார்லட் அணியின் சீருடையில் ஆடினார். அதுவும் நிரந்தரமாக அன்று.

எண்ணிப் பார்த்தால் நாம் அனைவருமே அன்றன்றைய பணியாளர்கள்தாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றலாகும் வங்கி ஊழியர், மொழி தெரியாத ஊரில் குடித்தனம் தொடங்கும் இல்லத்தரசி, ஆண்டுதோறும் புதிய வகுப்பை ஏற்கும் ஆசிரியர் என்று யாருக்கும் பட்டறை சொந்தமில்லை. இந்த உடலும்கூட ஒப்பந்தக் காலம் குறிப்பிடப்படாத ஓர் இடமே. நமக்கென அளிக்கப்பட்டிருப்பது இன்றைய நாளும் இன்றைய பணியும். மாலையில் கருவிகளைத் துடைத்து, அடுத்து வருபவர் எடுக்க வசதியாக வைத்துவிட்டுப் புறப்படும் மனம் வாய்க்க இறைவன் அருள்புரிவானாக!