திரும்பி வராதவர்கள்

என் பெரியப்பா திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சட்டையில் கந்தக வாடை அடிக்கும். அதே வாடையை இன்னொரு இடத்திலும் முகர்ந்திருக்கிறேன். நாங்கள் வழக்கமாகப் போகும் பரம்பரை சித்த வைத்தியரின் வீட்டுப் பின்கட்டில், அவர் இரும்புக் கரண்டியில் கந்தகத்தை நெய்யோடு உருக்கிப் பாலில் ஊற்றிக்கொண்டிருப்பார். சுத்தி செய்வது என்று அதற்குப் பெயர். "ஒரே சரக்குதான் தம்பி. ஒங்க பெரியப்பா கையில வெடி, என் கையில மருந்து" என்பார். வெடியுப்புக்கும் இது பொருந்தும். சித்த மருத்துவத்தில் அதைச் சுண்ணமாக்குவதற்கு முறை இருக்கிறது.

ஒருமுறை பெரியப்பாவுக்கு முன்கையில் தீக்காயம். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மேலே ஆறியது, ஓரத்தில் ஒரு புண் மட்டும் ஆறாமல் இழுத்தது. வைத்தியர் மத்தன் தைலம் கொடுத்தார். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு போட்டுக் காய்ச்சுகிற பச்சை நிறத் தைலம். சில வாரங்களில் புண் ஆறிவிட்டது. தைலத்தால்தான் ஆறியதா, விட்டிருந்தால் தானாகவே ஆறியிருக்குமா என்று அன்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அவருக்குச் சர்க்கரை வந்தது. அதே வைத்தியர் ஒரு பற்பமும் சூரணமும் கொடுத்தார். பெரியப்பா இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டார். வைத்தியர் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தக்கூடாது என்றும் சொல்லவில்லை. பிறகு காலில் சின்னதாக ஒரு கொப்புளம். அது புண்ணாகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

கோபத்தோடு வைத்தியரிடம் போனேன். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "அவுக மூணு மாசமா வரலையே தம்பி… சரியாப் போச்சுன்னுல்ல நெனச்சேன்."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இல்லாதவர்களிடம் காசு வாங்காதவர். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் இத்தனை நாளாக என்னை விடாமல் இருக்கிறது. நல்லெண்ணம் உள்ள ஒருவர், தான் செய்த கெடுதலைத் தெரிந்துகொள்ளவே வழியில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெரியாததால் அவர்மேல் பொறுப்பில்லை என்று சொல்லிவிட முடியுமா? அல்லது, தெரிந்துகொள்ள ஒரு வழி செய்யாததே பொறுப்பின்மையா?

நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஒருமுறை எங்கள் டீமில் இரண்டு வாரம் ஒரு எரர்கூட வரவில்லை. சந்தோஷமாக இருந்தோம். பிறகு பார்த்தால், எரரைத் தெரிவிக்கிற நிரலே செத்துக் கிடந்தது. இப்போது எதிலாவது புகாரே வரவில்லை என்றால் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. வைத்தியரிடம் குணமானவர் நன்றி சொல்ல வருவார், கூட நாலு பேரை அழைத்து வருவார். குணமாகாதவர் வேறு இடம் தேடிப் போவார், அல்லது சுடுகாட்டுக்குப் போவார். நாற்பது வருடம் தொழில் பார்த்த ஒருவரின் 'அனுபவம்' என்பது இப்படிச் சலித்து வந்தவர்களைப் பற்றிய அனுபவம்தான்.

பெரியப்பாவின் தொழிலில் இது நடக்காது. வெடித்தால் ஊருக்கே கேட்கும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது, மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்று விதிகள் உண்டு. "ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாலயும் ஒரு சாவு இருக்குடா" என்பார். கேட்டது மட்டுமே போதாது என்பதும் உண்மைதான். விதிகள் இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் அத்தனை பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே நடந்தது என்ன என்று கேட்கவாவது முடிந்தது.

சித்த மருத்துவம் இன்று பின்கட்டோடு நிற்கும் விஷயமில்லை. 1921-இல் சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு வைத்தியர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவரவர் மொழியில் எழுத்தாகப் பதில் வாங்கி, 1923-இல் அறிக்கை கொடுத்தது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி வந்தது. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இமயமலைப் பக்கத்துத் திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவுக்கும் 2010-இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அங்கேயும் பாதரசத்தைச் சுத்தி செய்து மாத்திரையில் சேர்க்கிறார்கள்; நம்மிடம் கேட்கும் கேள்வியை அவர்களிடமும் கேட்கிறார்கள். கல்லூரி, பட்டம், சட்டம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பழைய நூலில் உள்ளபடி செய்த மருந்துக்கு, அது வேலை செய்கிறதா என்ற சோதனையைச் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. நூலில் இருப்பதே சாட்சி.

எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும்? கீழாநெல்லியின் கதை இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிகள் அரைத்துக் கொடுத்த செடி. சென்னையில் தியாகராஜனும் கூட்டாளிகளும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்து, 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

இது தோல்விக் கதை என்று நான் நினைக்கவில்லை. ஒரு தமிழ்நாட்டு மூலிகைக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை இது. தோற்கும் வாய்ப்பை அதற்குக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பு இருந்ததால்தான் சீனத்து டூ யூயூ ஜெயித்தார். நான்காம் நூற்றாண்டு கே ஹோங் நூலில் ஒரு செடியைக் காய்ச்சாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவர் யோசித்தார். குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்தார், மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசு. பழைய நூலை அவர் கும்பிடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கவனமாகப் படித்துச் சோதித்தார்.

"வெள்ளைக்காரன் அளவுகோலால் நம் மருத்துவத்தை அளக்கலாமா" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நிஜமான அவமானங்கள் உண்டு. நம் வைத்தியர்களை மொத்தமாகப் போலி என்று ஒதுக்கிய காலம் இருந்தது. ஆனால் மருந்து தின்றவர் பிழைத்தாரா என்று போய்ப் பார்ப்பது எந்த நாட்டானின் அளவுகோல்? பெரியப்பாவின் கால் தமிழ்க் கால்தான்.

வைத்தியர் கேட்டதுதான் கடினமான கேள்வி. "பெரிய ஆஸ்பத்திரில மட்டும் வராதவகளத் தேடியா போறாக?" இல்லை. காலை எடுத்த ஆஸ்பத்திரியிலிருந்தும் அதற்குப் பிறகு ஒரு போன் வரவில்லை. அங்கே தனித்தனி டாக்டருக்கு மறதி இருந்தாலும், வராதவர்களைத் தேடி எண்ணுகிற ஆய்வு என்று ஒன்று எங்கோ நடக்கிறது. அது மட்டும்தான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு போனும் இருந்தால், திருத்தங்கலின் பின்கட்டிலிருந்தும் அதைத் தொடங்கலாம். அவரிடம் சொன்னேன். "போன் போட்டு, செத்துப்போய்ட்டாருன்னு சொன்னா என்ன தம்பி செய்ய?" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அன்று அவர்மேல் இருந்த கோபம் திரும்பும் வழியிலேயே குறைந்துவிட்டது. அந்த மூன்று மாதமும் நான் வாராவாரம் பெங்களூரிலிருந்து போன் செய்தேன். "நல்லாருக்கீங்களா பெரியப்பா?" என்பேன். "நல்லாருக்கேம்ப்பா" என்பார். சரி என்று வைத்துவிடுவேன். நானும் ஒருமுறைகூட ஊருக்குப் போய் அந்தக் காலைப் பார்க்கவில்லை.