பதினாறு நிமிட மின்மினி

ஆனைமலைக் காட்டில் ஸ்ரீராம் முரளி எடுத்த மின்மினிப் படம், 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் பரிசு வென்றது. ஒரே சொடுக்கில் விழுந்த படமல்ல அது. தலா 19 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்த 50 படங்களின் சேர்க்கை. காட்டின் 16 நிமிடங்கள் ஒரே சட்டத்துக்குள் மினுங்குகின்றன.

இப்படி ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கப் பழகிப் பார்க்கக் கயத்தாறு ஊரே போதும்.

ஆடிக் காற்றில் அங்கே காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். பொழுது சாய்ந்ததும் ஐஎஸ்ஓ 100 வைத்து, முப்பது விநாடி திறந்தால் இறக்கைகள் கரைந்து வெள்ளை வட்டமாகிவிடும். நாற்கரச் சாலையில் போகும் லாரி படத்தில் இருக்காது. அதன் பின்விளக்கு மட்டும் சிவப்புக் கோடாக நிற்கும். ஆனால் அதே காற்று முக்காலியையும் ஆட்டும். கால்களைக் கரிசலில் அழுத்தி ஊன்றி, நடுக்கொக்கியில் தோள்பையைத் தொங்கவிட வேண்டும். விரல்பட்ட அதிர்வு அடங்க, இரண்டு விநாடி டைமர்.

அடுத்தது ஒளியால் வரைவது. 1949இல் பிரான்சில் பிக்காசோ சின்ன டார்ச்சால் காற்றில் வரைய, ஜோன் மிலி அதைப் படமாக்கினார். கயத்தாற்றில் ஒற்றைப் பனையே திரை. கறுப்புச் சட்டை போட்டவர் மரத்தைச் சுற்றி நடந்தபடி, அடியிலிருந்து ஓலைவரை டார்ச்சைச் சீராக ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் கை தயங்கினால் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போகும்.