எதிரே இருப்பது இருவரா, ஒருவரா?

இணையப் போக்கர் மேசை ஒன்றில் ஆறு பேர். ஒன்று-இரண்டு டாலர் கட்டாயப் பந்தய ஆட்டம். முதல் ஆள் 6 டாலர் வைக்கிறார். அடுத்தவர் கையில் ஏஸும் ராணியும்; அவரும் 6 டாலர் போட்டுச் சேர்கிறார். மூன்றாவது ஆள் அதை 24 ஆக்குகிறார். முதல் ஆள் நொடிகூட யோசிக்காமல் 70 என்கிறார். ஏஸ்-ராணிக்காரர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இன்னும் 64 டாலர் போட வேண்டும். போட்டாலும் மூன்றாவது ஆள் மறுபடி ஏற்றமாட்டார் என்று என்ன நிச்சயம்? சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார். உடனே மூன்றாவது ஆளும் கவிழ்த்துவிடுகிறார். யார் கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே ஆட்டம் முடிகிறது.

மூன்றாவது ஆளுக்கு 24 டாலர் நட்டம், முதல் ஆளுக்கு 33 டாலர் லாபம். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இதில் பேச ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே பை என்றால் கதை வேறு: நடுவில் இருந்தவரின் 6 டாலரும், கட்டாயப் பந்தயமாக விழுந்த 3 டாலரும் அந்தப் பைக்குள் போயிருக்கின்றன. 9 டாலர் பெரிய காசில்லை. ஒரே இரவில் இது எத்தனை முறை நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது வியாபாரம்.

போக்கரில் பொய் குற்றமில்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் பணத்தைக் குவித்து எதிராளியை மிரட்டி ஓடவைக்கலாம்; அதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவார்கள். பொய்யே விதியாக உள்ள இடத்தில் இரண்டு பேர் ஜோடி போட்டு ஆடுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்? இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பதில் இப்படி இருக்கலாம்: பொய் சொல்ல அனுமதி சீட்டைப் பற்றித்தான், யாருக்காக ஆடுகிறோம் என்பதைப் பற்றி அல்ல. மேசைக்கு வரும் ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரும் தங்களுக்குள்ளும் எதிரிகள் என்று நம்பியே பணம் வைக்கிறார். ஒருவர் 70 டாலர் போட்டால் அதற்கு மதிப்பு வருவது, அந்த 70 டாலரை மேசையில் யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்பதால். பறிக்கக்கூடியவர்களில் ஒருவர் கூட்டாளி என்றால் ஆபத்து குறைகிறது. மிரட்டல் மட்டும் அப்படியே நிற்கிறது.

சீட்டைச் சொல்லிக்கொள்வது இன்னும் மோசம். மேசையில் நான்கு சீட்டு விழுந்துவிட்டது. கையோடு சேர்த்து நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்). இன்னொரு ஆட்டின் வந்தால் ஜெயம். தெரியாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. இந்த நேரத்தில் போனில், ‘நான் கவிழ்த்தது ரெண்டும் ஆட்டின்’ என்று ஒரு குரல் வந்தால் கணக்கு 44-இல் 7 என்றாகிறது. ஆறில் ஒன்றுகூட இல்லை. நேர்மையானவர் பணம் போட்டு இழக்கும் இடத்தில் இவர் பேசாமல் ஒதுங்கிவிடுவார். திருட்டு என்றால் எதையாவது எடுப்பது என்றே நினைக்கிறோம். இங்கே இழக்காமல் தப்புவதும் திருட்டுதான்.

சூது என்றதும் சகுனியை இழுப்பது நம் வழக்கம். ஆனால் இந்த வழக்கில் அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. பணயம் வைப்பவன் துரியோதனன், காய் உருட்டுபவன் மாமன் என்பது அஸ்தினாபுரத்துச் சபையில் ஊரறிய அறிவிக்கப்பட்டது. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்லவே என்று தருமன் வாய்விட்டுச் சொன்னான்; சொல்லிவிட்டு ஆடவும் செய்தான். அந்தச் சபையில் வேறு எந்தக் கபடம் இருந்திருந்தாலும், கூட்டு மறைவாக இல்லை.

சிக்கல் இதுதான்: தோற்றவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் துணிச்சலும் சதியும் ஒரே முகம். முரட்டுத்தனமாக ஏற்றி ஆடுவது இன்று பயிற்சியில் சொல்லித்தருகிற பாணி. 2015-க்குப் பிறகு பரவிய, சிறந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள்களில் படித்தவர்கள், முன்பின் அறியாதவர்களாக இருந்தாலும் ஒரே இடத்தில் ஒரே அளவு ஏற்றுவார்கள். அதோடு, தோற்றவரின் நினைவு நல்ல சாட்சி இல்லை. தன்னை இரண்டு பேர் நெருக்கிய பத்து ஆட்டம் மனதில் நிற்கும். அதே இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட இருபது ஆட்டம் நிற்காது. உண்மையில் பார்க்க வேண்டியதோ அந்த இருபதைத்தான். நடுவில் இருந்தவர் விலகியதும் இருவரின் வீரமும் அடங்கி, கடைசிவரை ஒரு காசு ஏற்றாமல் சீட்டைத் திறக்கிறார்களா? நல்ல கை வைத்திருந்தவர் அதை மற்றவரிடம் காசாக்காமல் விடுகிறாரா? இதையும் ஒன்றிரண்டு ஆட்டத்தில் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டப் பதிவு வேண்டும்.

சந்தேகப்பட்டவர்கள் சொன்னது சரியாக இருந்ததுண்டு. 2007-இல் அப்சலூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்கு எதிராளியின் சீட்டைப் பார்த்து ஆடுவதுபோல ஆடியது. புகார் சொன்னவர்களுக்குத் தோற்ற வயிற்றெரிச்சல் என்றார்கள்; நிறுவனமும் முதலில் மறுத்தது. ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்க, எல்லோருடைய மறைசீட்டும் அடங்கிய கோப்பே அவருக்கு வந்துசேர்ந்தது. ஆட்டக்காரர்கள் அதை வரிவரியாகப் படித்து, உள்ளிருந்தே சீட்டு பார்க்கப்பட்டதை வெளிக்கொண்டுவந்தார்கள். அது ஜோடி ஆட்டமல்ல, வேறு வகை மோசடி. ஜோடி ஆட்டத்துக்கு, அதற்கும் மேல் கும்பல் ஆட்டத்துக்கு, 2010-இல் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நடந்தது உதாரணம். பத்துப் பேரில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் ஐந்து பேருக்கு இரட்டிப்புப் பணம் என்ற ஆட்டத்தில், சீனாவிலிருந்து ஆடிய பல கணக்குகள் சேர்ந்து மற்றவர்களை வெளியேற்றின. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில், கலிபோர்னியாவில் நேரலையாக ஒளிபரப்பான ஆட்டம் ஒன்றில், ஒரு பெண் ஜாக்-நான்கு என்ற உதவாக்கரைக் கையோடு லட்சம் டாலருக்கு மேல் போட்டு ஜெயித்தார். எதிரே இருந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர் மோசடி என்றார். அந்தப் பெண் 1,35,000 டாலரைத் திருப்பித் தந்தார். தந்ததையே ஒப்புதல் வாக்குமூலமாகப் படித்தவர்கள் பலர். டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை, மோசடிக்குச் சான்று இல்லை என்றது. மோசமாக ஆடி ஜெயிப்பதும் மனிதர்களால் முடியும் என்பதைத் தோற்றவர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள்.

‘சூதாடியைச் சூதாடி ஏமாற்றினால் நமக்கென்ன?’ என்று கேட்பவர் உண்டு. இந்த ஆட்டத்தைச் சட்டமும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டு என்றது. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை போட்டது. ஆட்டமே இருக்கக்கூடாது என்பது ஒரு நிலைப்பாடு, நியாயமான நிலைப்பாடும்கூட. அதற்காக ஆடியவன் ஏமாறத் தகுந்தவன் ஆகிவிட மாட்டான்.

மேசையின் அரட்டைப் பெட்டியில் ‘திருடர்கள்’ என்று எழுத ஒரு விநாடி போதும், எழுதியவருக்குச் செலவில்லை. பழி சுமத்தப்பட்டவருக்கோ மறுக்க வழியே இல்லை, தன் சீட்டைக் காட்டினாலும் கூட்டாளி இல்லை என்று எப்படிக் காட்டுவது? ஆகவே சந்தேகம் போக வேண்டிய இடம் தளத்தை நடத்தும் நிறுவனம்தான். எல்லாச் சீட்டையும், யார் எந்த இணைப்பிலிருந்து ஆடினார் என்பதையும் பார்க்க அது ஒன்றால்தான் முடியும். ஆனால் அந்த நீதிபதிக்கும் வழக்கில் பங்கு உண்டு: மேசையில் சேரும் பணத்தில் அது கமிஷன் எடுக்கிறது, அந்தப் பணம் நேர்மையாகச் சேர்ந்ததா இல்லையா என்று கமிஷன் பார்ப்பதில்லை. ‘விசாரித்தோம், ஆதாரம் இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் தந்து, விவரம் சொன்னால் திருடர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது அரை நியாயம். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை மறைக்கலாம். எத்தனை ஆட்டத்தைப் பார்த்தார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பதை மறைக்க என்ன காரணம் இருக்கிறது?

பெரும்பாலானோர் அந்த ஒற்றை வரிக்காகக்கூடக் காத்திருப்பதில்லை. குற்றம் சாட்ட மனசாட்சி இடம் தருவதில்லை, புகார் எழுதப் பொறுமை இல்லை. மேசையை மூடிவிட்டு வேறு மேசைக்குப் போகிறார்கள். தன் காசைக் காப்பாற்றிக்கொண்டதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஏஸ்-ராணிக்காரர் எழுந்த சில நொடிகளில், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவர் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அந்த இருவருக்கும் நடுவில்.